உள்பக்கம்

போத்தனூரிலிருந்து செட்டிப்பாளையம் போகும் சாலையில், ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கென வைத்திருக்கும் என் பழைய போலோவை லாரியில் ஏற்றி, காலை எட்டு மணிக்கே கொண்டுபோய் இறக்கினேன். 1.0 டிஎஸ்ஐ, டர்போ இன்ஜின். கொஞ்ச தூரத்தில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரர் கரிவரதன் பெயரில் 2003-ல் திறந்த, 2.1 கிலோமீட்டர் தடம்.

வெல்டர் அண்ணன் வண்டியை லிஃப்டில் தூக்கினார். போன வருடம் வேறொரு கடையில் நான் மாட்டிய சைலன்சர் பைப்பை அறுத்து என் கையில் கொடுத்தார். “உள்ள வெரல வுட்டுப் பாருங்க.” வளைவில் குழாய் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஜாயின்ட்டின் உள்பக்கம், பொங்கி வழிந்த பாகு காய்ந்த மாதிரி கருகிய உலோகம். வெளியே பாலீஷ் போட்டுப் பளபளவென்றிருந்த பைப் அது. சத்தம்தான் கூடியது, இழுவை கூடவில்லை.

டர்போவைச் சுற்றுவதே வெளியேறும் புகைதான். இன்ஜின் முழு இழுவையில் இருக்கும்போது 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்தப் புகை, டர்பைன் சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்பைனைத் தாண்டிய புகைக்குத் தாராளமாக வழி விட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்த வித்தியாசம் கூடும். டர்போ சீக்கிரம் எழும். ‘கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் இழுக்கும்’ என்று கடைக்குக் கடை சொல்வார்கள். டர்போ வண்டிக்கு அது பொருந்தாது.

அதற்காக கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லி வருகிற பையன்கள் உண்டு. “அத நான் தொடறதில்லீங்க” என்றார் அண்ணன். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு அது; கார்பன் மோனாக்சைடு தெருவுக்கு வராமல் தடுக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள குழாயைத்தான் அவர் மாற்றுகிறார். சாலையில் ஓடும் வண்டியானால், தயாரித்தவர் தந்த வடிவத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். என் வண்டிக்குத் தடம் மட்டும்தான் என்று உறுதி கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொட்டார்.

இரண்டரை அங்குல 304 ஸ்டெயின்லெஸ் குழாய். வளைவுகள் உள்விட்டம் குறையாத மாண்ட்ரல் பெண்டுகள். நான் வேடிக்கை பார்க்க வந்தது நெருப்பை, பார்த்ததெல்லாம் அரத்தை. இரண்டு முனைகளையும் ராவி, சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி ராவி, நடுவில் ஒரு தாள்கூட நுழையாத வரை விடவில்லை. மதியம்வரை அதுதான் நடந்தது.

அப்புறம் குழாயின் வாய்களை ஃபாயில் ஒட்டி மூடி, ஒரு துளை வழியே ஆர்கான் ஹோஸை உள்ளே விட்டார். உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறினால்தான் உருகும் உலோகத்தின் பின்புறம் கருகாது. “ஃபேன நிறுத்துடா தம்பி.” காற்றடித்தால் வாயுத் திரை கலைந்துவிடும். சித்திரை வெயில், தகரக் கூரை. டார்ச் நகர்ந்த தடத்தில் வைக்கோல் நிறத்தில் ஒரு தையல் விழுந்தது, ஓரத்தில் லேசான நீலம். மூன்றாவது ஜாயின்ட் ஓரிடத்தில் சாம்பல் பூத்தது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் அறுத்தெடுத்து, மறுபடி ராவ உட்கார்ந்தார்.

உதவிக்கு நின்ற தம்பியின் மூக்கில் கட்டியிருந்தது வெறும் துண்டு. ஸ்டெயின்லெஸ் வெல்டிங் புகையில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. துணி அதைத் தடுக்காது. மாண்ட்ரல் பெண்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிற நாம், இவர்களுக்கு நல்ல முகக்கவசமும் புகை உறிஞ்சியும் வாங்கும் அளவுக்குக் கூலி கொடுக்கவேண்டும். அன்று நான் பேரம் பேசவில்லை.

சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். தம்பி பின்வாயை ஈரச்சாக்கால் அடைத்துப் பிடித்தான். அண்ணன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொடாமல், விரற்கடை தள்ளி உள்ளங்கையைக் கொண்டுபோனார். எங்கேயும் கை நிற்கவில்லை. நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார்.

“இப்ப ஃபேனப் போடு தம்பி.”