அப்பாவின் அம்பாசிடரும் பழைய கேசட் செட்டும்

போன வாரம் அப்பாவோட அம்பாசிடர் வீடியோ போட்டதுலேர்ந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "டாக்டர், டேஷ்போர்டுக்குக் கீழ அந்தக் காலத்து கேசட் செட்தான் தெரியுது. பாட்டு மட்டும் இவ்வளவு தெளிவா எங்கேர்ந்து வருது?"

ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்ல முடியல. மொத்தமா இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம். நடுவுல மருத்துவமும் வரும், பொறுத்துக்கோங்க.

வண்டி 1988 மாடல், 1489 சிசி டீசல். அப்பா பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தப்ப செகண்ட் ஹேண்டா வாங்கினது. மணமேல்குடியிலேர்ந்து அறந்தாங்கிக்கு எந்த விசேஷம்னாலும் இதுலதான். உள்ளே டி.எம்.எஸ்., பி.சுசீலா கேசட் ஓடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டு வருஷமா அப்பா செட்டையே போடுறதில்லை. போட்டாலும் வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்புவார், ஒரு நிமிஷத்துல அணைச்சிடுவார். ஏன்னு கேட்டா, "சத்தம் வருது தம்பி, பாட்டு வரல" என்றார்.

எல்லாரும் செட் போயிடுச்சுன்னுதான் நினைச்சாங்க. செட்டும் கொஞ்சம் போயிருந்தது, உண்மைதான். ஆனா எழுபது வயசு கடந்த ஒருத்தர் இப்படிச் சொன்னா, ஒரு டாக்டர் முதல்ல சந்தேகப்பட வேண்டியது அவர் காதைத்தான்.

வயசானால் வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்காது. முதலில் போவது உயர்ந்த அதிர்வெண். கீச்சுக் குரல், சலங்கை, கைமணி இதெல்லாம். பேச்சில் உயிரெழுத்துகளின் சத்தம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருக்கும், அது நல்லாக் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேலே இருக்கும். அது போயிடும். பட்டு, தட்டு, கட்டு மூணுமே அவங்களுக்கு "...ட்டு"தான். "கேட்குது, ஆனா புரியல"ன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான். நாம காதுல போய்க் கத்துறோம். கத்தினா உயிரெழுத்துதான் பெரிசாகும்.

இதோட பழைய டீசல் வண்டியின் இரைச்சல் சேருது. எஞ்சின் உறுமல் முழுக்கத் தாழ்ந்த அதிர்வெண். தாழ்ந்த ஒலி பலமா இருந்தா, அது மேலே இருக்கிற மெல்லிய ஒலிகளை மூடிடும். அதனாலதான் கடைக்காரர் "பின்னாடி பெரிய ஊஃபர் வைங்க சார், சும்மா அதிரும்"னு சொன்னப்போ வேண்டாம்னேன். அதிரும். பாட்டு இன்னும் புரியாமப் போகும்.

அப்பா போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: "எங்கேயும் புதுசா ஓட்டை போடக் கூடாது." நியாயம்தான். மேற்கு வங்கம் உத்தர்பாரா ஆலையில் 2014லேயே அம்பாசிடர் தயாரிப்பு நின்னுபோச்சு. இனிமே ஒரு டேஷ்போர்டை வெட்டினா வெட்டினதுதான்.

முதலில் வாங்கினது ஸ்பீக்கர் இல்லை, ரப்பர். நாலு கதவுக்கும் பீடிங் மாத்தினோம். கதவின் உள்பலகையைக் கழற்றி, தகரத்தில் அதிர்வு தாங்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டினோம். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகரத்துக்கு உள்பக்கம் ஃபெல்ட். கார்ப்பெட் மேலே வந்துட்டா எதுவும் தெரியாது. என்னைக் கேட்டா, மொத்த வேலையில் பாதிப் பலன் இதுலயே வந்துடுச்சு. இதைப் பற்றி யாரும் இன்பாக்ஸ்ல கேட்கலங்கிறதுதான் வருத்தம்!

பின் சீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் அதே அளவு டூ-வே ஸ்பீக்கர், மேலே பழைய கிரில். ரெண்டு சின்ன ட்வீட்டர் டேஷ்போர்டின் கீழ் விளிம்பில், கிளாம்ப் போட்டு, முகத்தைப் பார்த்த மாதிரி. மெய்யெழுத்து அங்கேர்ந்துதான் வருது. உயர்ந்த அதிர்வெண் நேர்கோட்டில் போகும். காலைப் பார்த்து வச்சா கால்தான் கேட்கும்.

கேசட் செட் அப்படியே இருக்கு. உள்ளே ஒரு புளூடூத் போர்டு. அதன் வெளியீட்டைச் செட்டின் சொந்த வால்யூம் குமிழ் வழியாவே ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டு போனோம். அப்பா பழைய குமிழைத்தான் திருப்புறார், பழைய பச்சை விளக்குதான் எரியுது. ஆம்ப்ளிஃபையர் டிபன் பாக்ஸ் அளவு, முன் சீட்டுக்கு அடியில்.

இப்போ இந்தப் பதிவில் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகக் கூடாத இடம். மின்சாரம்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 1000 வாட், 2000 வாட் எல்லாம் பிஎம்பிஓ கணக்கு. அதை மறந்துடுங்க. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. எங்க ஆம்ப்ளிஃபையர் ரெண்டு சேனல், தலா 40 வாட், மொத்தம் 80. கிளாஸ்-டி வகைங்கிறதால வீணாவது குறைவு. முழுசா ஓடினாலும் பேட்டரியிலிருந்து சுமார் 100 வாட், அதாவது 8 ஆம்பியர் சொச்சம். ரெண்டு ஹெட்லைட் இழுக்கிறதைவிடக் குறைவு. இதே வேலையைப் பழைய கிளாஸ்-ஏபி வகையில் நாலு சேனலா செஞ்சா 25 ஆம்பியர் பக்கம் போகும். முப்பது வருஷ வயரும் பழைய சார்ஜிங் சிஸ்டமும் அதைத் தாங்கணும்.

பழைய வயரிங்கில் கை வைக்கவே இல்லை. பேட்டரியிலிருந்து தனி செம்பு வயர். அதில் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஃபியூஸ் இருந்தா போதும்னு சொல்ற ஆள்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க. ஃபியூஸ் காப்பாத்துறது ஆம்ப்ளிஃபையரை இல்லை, வயரை. நடுவில் எங்கேயாவது தோல் உரிஞ்சு வயர் பாடியில் பட்டா, பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் கடைசியில் இருந்தா அந்த மின்சாரம் அதைத் தொடவே தொடாது. வயர் பழுத்து, பக்கத்தில் டீசல் ட்யூப். மேல எழுத விரும்பல. தீக்காய வார்டுல வேலை பார்த்தவங்களுக்குப் புரியும்.

வயர் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ஏற்கெனவே இருந்த ஓட்டைதான், ஆனா புது ரப்பர் குரோமெட். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ். நம்ம ஊர் கடல் காத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கணும். உப்பு பிடிச்சா முதலில் ஸ்பீக்கரில் ஒரு 'ங்ஞீய்' சத்தம் வரும், ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும்.

அப்புறம் காது.

அப்பாவைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நாலு மாசம் பிடிச்சது. "எனக்கென்ன செவிடா?" என்றவர், வண்டியில் வேலை ஆரம்பிச்சதும் தானே கேட்டார்: "ட்வீட்டர் என் காதுக்கு எட்டுமான்னு எப்படிடா தெரியும்?" அதுக்குத்தான் டெஸ்ட் இருக்குன்னேன். முதலில் ரெண்டு காதிலும் அழுக்கு எடுத்தாங்க. அதுலயே கொஞ்சம் திறந்தது. ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கோடு சரிஞ்சு கீழே. நான் எதிர்பார்த்தபடிதான். இப்போ ரெண்டு காதிலும் கருவி.

கருவி அவமானம் இல்லை. நடுத்தர வயசு முதலே கவனிக்காம விட்ட காது மந்தம், மறதி நோய்க்கு நாம மாற்றக்கூடிய முக்கியக் காரணிகளில் ஒண்ணுன்னு லான்செட் ஆணையம் 2017லேர்ந்து சொல்லிக்கிட்டே வருது. பேச்சு புரியாத மனுஷன் பேச்சையே விட்டுடுறார். எங்க வீட்டில் அது ஆரம்பிச்சிருந்தது.

ஈசிஆர்ல ஊஃபர் அதிரப் போற தம்பிகளுக்கும் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல்னா 4 மணி நேரம்தான். இறங்கினப்புறம் காதுல 'ங்ங்'னு இருந்தா அளவு தாண்டியாச்சு. உள்காது முடிச்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. திடீர்னு ஒரே நாளில் ஒரு காது கேட்காமப் போனா அது அவசரம். சளின்னு நினைச்சுக் காத்திருக்காம அன்னைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்க.

கழற்றின பழைய ஸ்பீக்கர், வயர் துண்டு, ஸ்க்ரூ எல்லாம் பேர் எழுதி பரண்ல டப்பாவில் இருக்கு. 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வருஷம் கடந்து அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. எங்களுக்கு அது 2038ல. எல்லாத்தையும் பழையபடி மாட்ட ஒரு நாள் போதும்னு எலக்ட்ரீசியன் அண்ணன் சொல்லியிருக்கார். ரப்பரும் ஷீட்டும் மட்டும் இருக்கட்டும்னு அப்பா சொல்லிட்டார்.