வன்தட்டில் கை வைக்குமுன்

உப்புக்குளத்தில் வீட்டுக் கணினி வைத்திருப்பவருக்கு முதற்பகை வைரஸ் அன்று, காற்று. சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், சன்னலைச் சாத்தினாலும் உப்பும் புழுதியும் உள்ளே வந்துவிடும். நினைவகப் பலகையின் உலோகப் பற்களில் களிம்பு ஏறும். விசிறி சுழலும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். இதற்கு எங்கள் ஊர்ப் பையன்கள் அறிந்த வைத்தியம் எளிது. பலகையைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் பற்களை மெல்லத் துடைத்து, மீண்டும் சொருகுவார்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ‘போமட் பண்ணினாச் சரி’ என்ற அந்த ஒற்றை வாக்கியத்துக்கு.

நோய் இன்னதென்று தேடாமல், வன்தட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவது திருத்துபவருக்கு இலகு. கணினியும் புதுமாப்பிள்ளைபோல் வீடு திரும்பும். உள்ளே இருந்தவை என்னவாயின என்பது அடுத்த நாள்தான் தெரியும்.

ஈழத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. யுனிகோட் பரவுமுன் நம்மில் பலர் எழுதியது பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் போர்வை விலகிவிடும். ‘அம்மா’ என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று தெரியும். விடயம் தெரியாதவர் கண்ணுக்கு அது பழுதாகிப்போன கோப்பு.

அப்படித்தான் பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடையொன்றில், ‘உங்கட ஃபைல் எல்லாத்தையும் வைரஸ் திண்டிட்டுது’ என்று தீர்ப்பெழுதி, என்னைக் கேளாமலே வன்தட்டைத் துடைத்துவிட்டார்கள். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கடற்றொழிலாளர்களுடன் உரையாடி நான் தட்டச்சிட்ட பக்கங்கள் அதில் இருந்தன. பேசியவர்களில் இருவர் இன்று உயிருடன் இல்லை. மறுபடி போய்க் கேட்க முடியாது.

இப்போது எனக்கு வாய்த்திருக்கும் தம்பி வேறு ரகம். பட்டம், சான்றிதழ் எதுவும் சுவரில் தொங்கவில்லை. முதல் வேலையாக வன்தட்டைக் கழற்றித் தன் கணினியில் இணைப்பார். எல்லாவற்றையும் பிரதி எடுப்பார். ‘சேர், இதைத் திறந்து பாருங்கோ’ என்று என் கையாலேயே இரண்டொரு கோப்பைத் திறக்கச் சொல்வார். அதன்பின்தான் மற்றது. தெரியாததைத் ‘தெரியாது சேர், விசாரிச்சுச் சொல்லுறன்’ என்பார். எங்கள் தொழிலிலேயே இது அருகிவிட்ட குணம்.

எஞ்சியிருந்த பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தந்தவரும் அவரே. இடையிடையே நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர்களையும் மாற்றி மென்பொருள் தமிழென்றே எண்ணி வாயில் நுழையாத சொற்களாக்கிவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தச் சில மாதங்கள் சென்றன.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். டொரொன்டோவில் இருக்கும் மகன் எனிடெஸ்க் வழியாக மன்னாரில் தகப்பனின் கணினியைத் திருத்துவது இன்று சாதாரணம், நல்லதும்கூட. ஆனால் மோசடிக்காரரும் அதே மென்பொருளைத்தான் நிறுவச் சொல்கிறார்கள். திரையில் திடீரென எச்சரிக்கை தோன்றி, அதில் தொலைபேசி இலக்கமும் இருந்தால் அது பொய். மைக்ரோசொப்டின் எச்சரிக்கைகளில் இலக்கம் இராது. தாமாக அழைத்து ‘உங்கள் கணினியில் கோளாறு’ என்பவரும் அந்த நிறுவனத்தவர் அல்லர். அப்பாவுக்கு இதை ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் பழைய கணினியில் இல்லை. புதிதாக வாங்கச் சொல்வாரென எதிர்பார்த்துத் தம்பியிடம் போனேன்.

“மெசினுக்கு இன்னும் ஆயுசு இருக்கு, சேர். லினக்ஸ் போட்டுப் பாப்பம்.”

“அதில பாமினி வருமா?”

“வரும் சேர். முதல்ல கொப்பி எடுப்பம்.”