நிலக்கிளியின் ஊருக்கு – 1

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முன்னர் தண்ணிமுறிப்புக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். போகச் சொன்னது அந்த ஊரின் கதையைச் சொல்லும் ஒரு நாவல். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. வன்னிக் காட்டைக் கதைக்குப் பின்னால் தொங்கவிட்ட படுதாவாக இல்லாமல், ஒரு பாத்திரமாகவே நடமாடவிட்ட நாவல் அது.

என்னிடம் இருப்பது பழைய பிரதி. தாள் பழுத்து, ஓரம் பொடிந்து, முதுகில் யாரோ கோதுமை மாப் பசையால் ஒட்டிய துணி. எங்கள் வீட்டில் எத்தனையோ புத்தகங்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயின. இது மட்டும் உடுப்புப் பைக்குள் கிடந்து தப்பியது. இப்போது மறுபடி வாசிக்கும்போது கதையைவிட இடங்களைத்தான் தேடுகிறேன். கதிராமன் காடு வெட்டிய இடம் எது? பதஞ்சலி தண்ணீருக்குப் போன வழி இன்னும் இருக்கிறதா? சுந்தரலிங்கம் வாத்தியார் எந்தப் பாதையால் ஊருக்குள் வந்திருப்பார்? பென்சிலால் கோடு போட்டு, பக்கத்து வெற்றிடத்தில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

பாலமனோகரன் தண்ணீரூற்றில் பிறந்தவர். அந்தக் காட்டையும் வயலையும் அறிந்து எழுதியவர். பின்னாளில் டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்தார். வன்னியைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் ஒரு பெரிய கையேடு வெளியிட்டார். குளங்கள், ஊர்கள், வரிகள் என்று விபரம் நிறைய உண்டு. ஆனால் ஒரு காட்டோரக் குடும்பம் காலையில் எழும்பி எதற்குப் பயந்தது, எதற்குச் சந்தோஷப்பட்டது என்று அறிய நான் நாவலிடம்தான் போவேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரியது. 1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்களோடு தண்ணிமுறிப்புச் சனங்களும் ஊரைவிட்டுக் கலைக்கப்பட்டார்கள். நாவல் வெளிவந்து பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு காடு வளர்ந்தது. யுத்தம் முடிந்து திரும்பிப் போனவர்கள், தாங்கள் குடியிருந்த காணிகளை வனத் திணைக்களம் தன்னுடையது என்று சொல்லித் தடுப்பதாக முறையிட்டு வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் குருந்தூர்மலையோ தொல்லியல் பிணக்கால் செய்திகளில் அடிபடுகிறது. ஒரு ஊர் இருந்தது, அங்கே மனிதர்கள் விதைத்தார்கள், காதலித்தார்கள், அழுதார்கள் என்பதற்கு உறுதிப் பத்திரம்போல எனக்குப் படுகிறது இந்த நாவல். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மண்ணில் நிற்க வேண்டும்.

வழி தெளிவாகிவிட்டது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ். கற்சிலைமடுவில் இறங்கி, வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803இல் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் நடுகல் இருந்த இடத்தைப் பார்ப்பேன். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுவேன். இரவுக்கு முள்ளியவளையில் மாமா வீடு. மறுநாள் தண்ணீரூற்று, குமுளமுனை, தண்ணிமுறிப்பு.

மாமாவுக்கு போன் எடுத்தேன்.

“பதஞ்சலி இருந்த இடம் காட்டுவீங்களோ மாமா?”

“அது கதையிலை வந்த பெட்டையெல்லே, பிள்ளை. ஆனா அப்பிடி இருந்த சனத்தை எனக்குத் தெரியும். குளக்கட்டிலை ஏறி நிண்டால் எங்கெங்கை வளவு இருந்ததெண்டு சொல்லுவன். வெள்ளன வெளிக்கிடவேணும், வெயில் ஏறினால் ஏலாது. பின்னேரத்துக்கு முன்னம் திரும்பிடுவம், யானை நிக்கும்.”

இப்போது பாலைப்பழம் பழுக்கும் காலம். மஞ்சளாய், சின்னதாய், வாயில் போட்டால் தேனாய் இனிக்கும். நாலைந்து சாப்பிட்டதும் அதன் பால் உதட்டில் பிசினாய் ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் பூசினால்தான் போகும். சந்தையில் வாங்கித்தான் தின்றிருக்கிறேன். மரத்துக்குக் கீழே பொறுக்கித் தின்ன ஆசை. பொங்கலுக்கான சடங்குகளும் தொடங்கிவிடும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அதையும் காண வாய்த்தால் அடுத்த பகுதியில் எழுதுவேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தண்ணிமுறிப்பில் வாழ்ந்த பெரியவர்கள் இருந்தால், அவர்களோடு இருந்து கதையுங்கள். வளவு எங்கே இருந்தது, கிணறு எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்த ஊரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. ‘நிலக்கிளி’ வாசிக்காதவர்களுக்கு, நூலகம் இணையத்தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.