தென்னைகளுக்கு மேலே

நீர்கொழும்பு வீதியில் கட்டுநாயக்காவை அண்மியதும், தென்னைகளுக்கு மேலே தாழ்ந்து வரும் விமானங்களை நாம் அண்ணாந்து பார்ப்பதுண்டு. மழை இருட்டிய நாளாயின் 1978 நவம்பர் 15 நினைவில் எழும்.

அன்றிரவு ஹஜ் கடமை முடித்த இந்தோனேசியரை ஜித்தாவிலிருந்து சுராபாயாவுக்கு ஏற்றிவந்த ஐஸ்லாந்து விமானம், எரிபொருள் நிரப்ப இங்கு இறங்க முனைந்தது. இடிமழையினூடே வந்து, ஓடுபாதையை எட்டுமுன்னரே தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். வீடு திரும்பும் வழியில் அல்லவா அந்தக் கதி!

விமானிகள் முறை தவறினரென்றது இலங்கை விசாரணை. நிலையத்து வழிகாட்டிக் கருவியும் பழுதென்றனர் ஐஸ்லாந்தார்.

எம்முடன் வந்த பிள்ளைகள் மேலே நோக்கிக் கையசைக்கின்றனர். நாமோ, விமானம் கண்ணுக்கு மறைந்த பின்னும் அதன் இரைச்சலுக்குச் செவிகொடுத்து நிற்கிறோம்.