சமையல் அம்மாவும் வண்டலக்காவும்

ஜூலை 8, 2024, திங்கள்

ஷிப்ட் முடிந்து வந்தால் மாடியில் அம்மாவைக் காணோம். கீழே ஓனர் ஆன்ட்டி வீட்டு ஹாலில் உட்கார்ந்து தெலுங்குச் சேனல் ஸ்டார் மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். திண்டிவனத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த புதுசு, தெலுங்கில் ‘நீள்ளு’ (தண்ணீர்) ஒன்றுதான் தெரியும். ஆன்ட்டி தெலுங்கில் கேட்கிறார், அம்மா தமிழில் பதில் சொல்கிறாள். நடுவில் நான்தான் பேந்தப் பேந்த விழித்தேன்.

“என்னம்மா புரியுது உனக்கு?”

“இவ யாருன்னு தெரியலையா? நம்ம கண்ணம்மாடீ.”

டிவியில் ஓடியது ‘கார்த்திக தீபம்’ இரண்டாம் பாகம். இந்த மார்ச்சில் தொடங்கியது, கதையே வேறு. ஆனால் மத்தியானமெல்லாம் ஆன்ட்டி முதல் பாகத்தைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். கருப்பு மருமகள், சந்தேகப்படும் டாக்டர் புருஷன், ஆளுக்கொரு பக்கமாக வளரும் இரட்டைப் பெண்கள். விஜய் டிவி ‘பாரதி கண்ணம்மா’வை ஒரு நாள் விடாமல் பார்த்தவளுக்கு வசனம் எதற்கு?

ஜூலை 9, செவ்வாய்

யாரைப் பார்த்து யார் காப்பியடித்தார்கள் என்று காலையிலேயே பஞ்சாயத்து. இரண்டு பேர் கட்சியும் தோற்றது. மூலம் மலையாளம்: ஏசியாநெட்டில் 2014-ல் வந்த ‘கருத்தமுத்து’. தெலுங்குக்கு 2017-ல் போனது, விஜய் டிவிக்கு 2019-ல் வந்தது. கன்னடத்தில் ‘முத்துலட்சுமி’, மராத்தியில் ‘ரங் மாஜா வேகளா’, ஹிந்தியிலும் ஒன்று வந்து சீக்கிரமே மூட்டை கட்டியது. எந்த ஊரிலும் மாமியாருக்குக் கருப்பு ஆகாது என்ற நம்பிக்கையில் போட்ட முதல், வீண் போகவில்லை.

ஒன்று உறுத்துகிறது. நிறத்துக்காகத்தான் அவள் கதாநாயகி. ஆனால் கதை போகப்போக நிறம் ஓரமாகப் போய், பொய் ரிப்போர்ட்டும் புருஷனின் சந்தேகமும் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. டாக்டருக்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்க வருஷக்கணக்கில் தோன்றாதது தனிச் சோகம். நான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனி லேபில் ஒரு சாம்பிளை இரண்டு நாள் கிடப்பில் போட்டால் மெமோ வரும்.

ஜூலை 11, வியாழன்

கேன்டீனில் குழம்பு ஊற்றும் அம்மாவை எல்லோரும் ‘வண்டலக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது தெலுங்கு சீரியலில் கதாநாயகி தீபாவின் பட்டப்பெயர், ‘சமையல் அக்கா’ என்று அர்த்தம். புருஷன் வீட்டை விட்டு வந்து சமைத்துப் பிழைக்கிறாள், பெற்ற மகளே அவளை அம்மா என்று தெரியாமல் அப்படிக் கூப்பிடுகிறாள். தமிழில் மகள் ஹேமா, கண்ணம்மாவை ‘சமையல் அம்மா’ என்பதும் இதே இடம்தான். கேன்டீன் அம்மாவுக்கு இந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட. “சீரியலுக்கு முன்னாடி என்னை ‘ஏய்’னுதான் கூப்பிட்டானுங்க” என்றார்.

ஜனம் ஒட்டிக்கொண்டது அவளுடைய நிறத்தோடு அல்ல, கரண்டியோடு என்று எனக்குப் படுகிறது. தமிழில் 2020-ல் கண்ணம்மா பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு நடந்தாளே, நடந்துகொண்டே இருந்தாளே, அதை மீம்ஸ் போட்டுச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அம்மா சிரிக்கவில்லை. “வயித்துப் புள்ளையோட நடக்கிறா, இவனுங்களுக்குக் கிண்டல்” என்று திட்டினாள். என் அத்தையும் ஒருநாள் அப்படி நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான். அவளிடம் பைகூட இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

மழை வரும்போல இருந்தது, கெமிக்கல் வாடை தூக்கலாக அடித்தது, ஜன்னலை அடைத்துவிட்டோம். ஆன்ட்டி போனில், தீபாவாக நடித்த பிரேமி விஸ்வநாத்தின் பேட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மா போனை வாங்கி, கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தாள். “இவ செவப்பா இருக்காளே!”

ஆமாம். மலையாளத்திலும் தெலுங்கிலும் அந்தக் கருப்பு, மேக்கப் டப்பாவிலிருந்து வந்தது. எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் அம்மா முகம் போன போக்கைப் பார்த்ததும் புதிதாகக் கோபம் வந்தது. கருப்பான பெண்ணின் கதை வேண்டும், சம்பளத்தைச் சிவப்பான பெண்ணிடம் கொடுப்பார்கள். இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. கொலம்பியாவில் 1999-ல் ‘பெட்டி’ தொடரில் நடிகைக்குப் பல் கம்பியும் தடிக் கண்ணாடியும் மாட்டித்தான் அவலட்சணமாக்கினார்கள். 2003-ல் சோனி டிவி ‘ஜஸ்ஸி’யில் மோனா சிங்குக்கும் அதே வேஷம், நிஜ முகத்தை வெளியே விடாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். தோலை?

விஜய் டிவி இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்பிரியன் இயல்பிலேயே மாநிறம். அம்மாவுக்கு அவள்மேல் இருந்த பாசத்தில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த காலத்தில்தான் அந்தத் தொடர் ஓடியது. “அங்க பாரு, டாக்டர் அவளைத்தான் புடிச்சுக் கட்டுனான்” என்பாள். நடந்துகொண்டிருக்கும்போதே விளம்பரம் வரும், ஒருத்தி முகம் கழுவி வெளுப்பாள். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரை மாற்றிக்கொண்டது, டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

பேக்கிங் செக்‌ஷன் அக்காவிடம் மேக்கப் விஷயத்தைச் சொன்னேன். குத்புல்லாபூர்க்காரர், என்னைவிட நல்ல கருப்பு, முதல் பாகத்தை ஒரு நாள் தவறாமல் பார்த்தவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்ட்ரிப்பை எண்ணிக்கொண்டே, “என்னைக் கூப்பிட்டிருந்தா மேக்கப் செலவு மிச்சம் ஆயிருக்குமே” என்றார். பக்கத்து மேஜைவரை சிரிப்பு. அப்புறம், தனக்குப் பிடித்தது வண்டலக்கா இல்லை, வில்லி மோனிதா என்றார். ஏனாம்? “அவ அழமாட்டா.”

சாயங்காலம் இதை அம்மாவிடம் சொன்னால், தமிழ் வில்லி வெண்பா பெயரைக்கூட எடுக்காதே என்கிறாள். வெண்பாவாக நடித்த ஃபரீனா கர்ப்பமாக இருந்தபோதும் நடித்தாரே என்றேன். “அது வேற, இது வேற.” 2021-ல் ரோஷினி விலகி வினுஷா தேவி வந்தபோது கொஞ்ச நாள் டிவியைப் போடாமல் இருந்தவள் இவள். கேட்டால், “மக வீட்டுக்குப் போனா கதவைத் தெறந்தது வேற பொண்ணு, எப்படியிருக்கும்?” பிறகு வினுஷாவுக்கும் அழுதாள், அது எங்கள் இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை.

ஜூலை 19, வெள்ளி

நாளை சார்மினார் எக்ஸ்பிரஸில் அம்மா கிளம்புகிறாள். ஷாப்பூர் நகர் கடையில் ஆன்ட்டி அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார், அரக்கு நிறம். “வதினாவுக்கு (அண்ணிக்கு) இந்தக் கலர் எடுக்காது” என்று கடைக்காரர் வாயைத் திறந்ததும் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். “எங்க வண்டலக்கா கட்டாத கலரா? எடுப்பா வெளியே!” கடைக்காரர் பேசாமல் பில் போட்டார்.

இப்போது கீழே கடைசிச் சண்டை நடக்கிறது. விஷயம் என்னவென்றால், தெலுங்கு கார்த்திக், தமிழ் பாரதி, இந்த இரண்டு டாக்டர்களில் எவன் பெரிய மடையன். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். நாளைக்குக் காலை ஷிப்ட், நான் போகப்போவதில்லை.