சயாமுக்குப் போனவர்

ஜூலை 3, புதுக்கோட்டை

கருமாதி முடிந்து உறவினரெல்லாம் அவரவர் ஊருக்குத் திரும்பியபின், அம்மா கடைசிவரை விடாமல் நடத்திவந்த ஒரு காரியம் இனி என் பொறுப்பு என்பது இன்று காலையில்தான் உறைத்தது. இறந்த திதி தெரியாத தன் தகப்பனாருக்கு ஆடி அமாவாசையன்று இலை போட்டுப் படைப்பது அவள் வழக்கம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவரை 1943ஆம் வருஷத்தில் ஜப்பானியர் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனபோது அம்மாவுக்கு வயது நான்கு. போனவர் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை. பாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவள். ஆகையால் அம்மாவுக்குத் தன் தகப்பனார் பெயரே பெரியப்பா சொல்லித்தான் தெரியும். அது பெற்றவர்கள் வைத்த பெயரா, தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி கூப்பிட்ட பெயரா என்பது பெரியப்பாவுக்கே நிச்சயமில்லை.

அமாவாசைக்குள் அந்த ரயில் பாதை போட்ட இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தம்பி வேண்டாமென்கிறான், துக்க வீட்டில் பிரயாணம் எதற்கு என்கிறான்.

ஜூலை 10, பாங்காக்

தூக்கமில்லை.

ஜூலை 11, காஞ்சனபுரி

ஊருக்கு நடுவே, ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில், யுத்த மயானம் இருக்கிறது. இதுபோல் சிரத்தையோடு பேணப்படும் மயானத்தை நான் எங்கும் கண்டதில்லை. வெட்டிச் சீராக்கிய புல்தரையில், சாய்ந்த சிறு கற்களின் மேல் பதித்த வெண்கலத் தகடுகளில், பெயரும் வயதும் படைப்பிரிவும் மரணமடைந்த தேதியும், அவற்றுக்குக் கீழே தாயோ மனைவியோ எழுதியனுப்பிய ஒரு வரியும் இருக்க, கல்லுக்குக் கல் நடுவே பூச்செடி வளர்ந்திருக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் சுமார் 7,000 பேர் இங்கே உறங்குகிறார்கள். காலராவில் மாண்டு எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல்கூட இரண்டு குழிகளில் சேர்த்துப் புதைக்கப்பட்டு, அந்த 300 பெயர்களும் மண்டபத்துச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கொரு குழி கிடைக்காதவனுக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

நான் வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். இருபத்து மூன்று, இருபத்தொன்று, முப்பது. படிக்கப் படிக்க இரக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது ஆத்திரம் என்பதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன். இந்தப் பாதையில் வேலை செய்த யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 2 லட்சம். அவர்களில் மாண்டவர்கள் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. மலாயாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் ஒருவருக்கும் இந்தப் புல்தரையில் இடமில்லை.

வாசலருகே சுவருக்குள் வைத்திருந்த பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஒரு வயோதிக ஆஸ்திரேலியர். கைதியாக இருந்து பிழைத்துத் திரும்பிய தகப்பனாருடைய சிநேகிதர் ஒருவரின் கல்லைத் தேடி வந்தவராம். பக்கத்தையும் வரிசையையும் குறித்துக்கொண்டு நேரே போய், அந்தத் தகட்டின் மீது கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "உங்களவர் எந்த வரிசையில்?" என்று கேட்டார். எங்களவர் கூலியாக வந்தவர், இங்கே இல்லை என்றேன். சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் அப்பா உங்கள் ஜனங்களின் முகாமைத் தாண்டிப் போன கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பார். கைதிகளுக்கு மருந்து இல்லாவிட்டாலும் டாக்டர் இருந்தார். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று அதட்ட ஒரு அதிகாரி இருந்தார். அங்கே யாருமில்லை என்பார். அதற்கு மேல் சொன்னதில்லை."

அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன். வேறெதுவும் பேசத் தோன்றவில்லை.

ஜூலை 12

அந்த ரயில் பாதை ஆற்றைக் கடக்கும் பாலம். ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இரும்பு வளைவுகள். குண்டு விழுந்து போன இடத்தில் யுத்தத்துக்குப் பின் வைத்த கோண வடிவச் சட்டங்கள். ஜனங்கள் தண்டவாளத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஆற்றுக்குக் குவாய் என்ற பெயரே இந்தப் பாலத்தைப் பற்றி வந்த 1957ஆம் வருஷத்துச் சினிமாவுக்குப் பின்னர், 1960வாக்கில் வந்ததாம். அந்தச் சினிமாவுக்காக ஒரு நதி பெயர் மாறியிருக்கிறது.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, 1944இல், யுத்தம் முடியுமுன்பே, ஜப்பானிய ராணுவம் தானே எழுப்பிய ஞாபகார்த்த ஸ்தூபி ஒன்று நிற்கிறது. இறந்தவர்களுடைய பல பாஷைகளிலும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தமிழெழுத்தைக் காண ஏங்கிக்கொண்டிருந்த கண்ணுக்கு அது முதலில் சந்தோஷத்தைக் கொடுத்தது. கொடுத்த மறுகணமே நெஞ்சு கசந்தது. மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டியும், அதற்கு மசியாதவர்களைச் சினிமா இலவசம் என்று கூட்டிச் சுற்றி வளைத்தும், சாமான் வண்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தவர்களே, அந்தக் கூலிகள் செத்தபின் அவர்கள் பாஷையில் கல் நட்டிருக்கிறார்கள். அதை நட்டவர்களில் ஒருவனாவது உண்மையாகவே மனம் நொந்திருப்பானோ? இருந்திருக்கலாம். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டு, கும்பிட்டேன்.

ஜூலை 13

மழை. அறையைவிட்டு நகரவில்லை. தம்பி போனில் கூப்பிட்டான், எடுக்கவில்லை.

ஜூலை 14

ரயிலில் நாம் தோக் என்ற நிலையம் வரை சென்று, அங்கிருந்து வாகனத்தில் ஹெல்ஃபயர் கணவாய்க்குப் போனேன். மலையைச் சுத்தியலாலும் உளியாலும் துளைத்து, வெடிவைத்துப் பிளந்து, கல்லைக் கூடையில் அள்ளி அப்புறப்படுத்திய இடம் அது. இரவிலும் மூங்கில் தீயின் வெளிச்சத்தில் வேலை நடந்ததால் நரக நெருப்பு என்று பொருள்படும் அந்தப் பெயர் வந்தது. பாறைச் சுவரில் ஒடிந்துபோன துரப்பணக் கம்பி ஒன்று இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன், துருப்பிடித்திருந்தாலும் அசையவில்லை.

415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மிட்வே சண்டையில் ஜப்பானியக் கடற்படை அடிபட்டபின் பர்மாவுக்குக் கப்பலில் தளவாடம் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது என்பதற்காக, காலராவும் அடைமழையும் சேர்ந்து வந்த அந்த வருஷத்திலேயே, எத்தனை பேர் செத்தாலும் முடித்தாக வேண்டும் என்று முடித்தார்கள்.

ஆஸ்திரேலிய அரசாங்கம் நடத்தும் காட்சிசாலையில் ஒரு விஷயத்தை அறிந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யுத்தம் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு இந்தப் பாதை நெடுகப் போய், காடு மூடிக்கொள்ளுமுன், 144 இடங்களில் 10,000க்கு மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. எப்படி முடிந்தது? காவலாளி கண்டால் உயிர் போகும் என்று தெரிந்திருந்தும் கைதிகள் யார், எங்கே, என்றைக்குச் செத்தார்கள் என்று துண்டுக் காகிதங்களில் குறித்து ஒளித்து வைத்திருந்தார்கள். சிலவற்றைப் பிணங்களோடேயே புதைத்திருந்தார்கள். பட்டினியில் கை நடுங்கும் மனுஷன், நாளை தானே போகப்போகிறவன், இன்று போனவனுடைய பெயரை எழுதி வைத்திருக்கிறான்.

அந்த மயானத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 16

ஊருக்குள் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம். யுத்தத்துக்குப் பின் வெட்டியெடுத்த பெருங்குழி எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைத்து, ஆசியத் தொழிலாளருக்கென்று ஒரு சின்னம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 2023இல் தமிழர்கள் முயன்று நட்ட நடுகல். வீரனுக்குக் கல் நடுவது நம் மரபு. களம் கண்டு விழாதவர்களுக்கு, மலத்திலும் வாந்தியிலும் கிடந்து இறந்தவர்களுக்கு, எண்பது வருஷம் கழித்தாவது அந்த மரியாதையைச் செய்தவர்கள் நன்றாயிருக்கட்டும். ஊதுவத்தி வாங்கி ஏற்றினேன். பெரியப்பா சொன்ன பெயரைச் சொன்னேன். சரியான பெயர்தானா என்ற சந்தேகம் சொல்லும்போதும் போகவில்லை.

தம்பி மறுபடி கூப்பிட்டான். "ஏதாவது கிடைத்ததா அண்ணே?" என்றான். இல்லை என்றேன். பிறகு, அம்மா தகப்பனாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உனக்கு எவ்வளவு ஞாபகமிருக்கிறது என்று கேட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆறு இருந்தது, லயத்தில் கடைசி வீடு, ஏற்றிய அன்று தாத்தா தோளில் சிவப்புத் துண்டு என்று சொல்லிக்கொண்டே போனான். சிவப்புத் துண்டு எனக்குத் தெரியாது. என்னிடம் அம்மா அதைச் சொன்னதேயில்லை. இந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டேன்.

மலாயாவிலிருந்து வந்த கிழவர்களும் கிழவிகளும் நம் ஜில்லாக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மலேசியாவில் அதிகம் பேர் இருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: சயாமுக்குப் போனவர் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், ஏற்றிய தோட்டம், உடன் போனவர்கள். அரைகுறையாகச் சொன்னாலும், முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாலும், சொன்னதைச் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள்.