பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

கொள்கைக்காக லினக்ஸுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காசைப் பார்த்து வந்தவன் நான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என் மடிக்கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. 1972 முதல் இன்டெல் ஆலை இயங்கும் பினாங்கில் இருந்துகொண்டு, நன்றாக ஓடுகிற சில்லைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டேன். “எதைப் போட்டாலும் உள்ளே இருக்கிறது அதே கெர்னல்தான் அங்கிள். நீங்க தினமும் என்ன செய்வீங்க, அதை முதல்ல சொல்லுங்க” என்றார்.

சொல்லிப் பார்த்தபோது பட்டியல் சின்னது: தமிழில் எழுதுவது, அச்சிடுவது, வங்கி, வருமான வரி. கடைசி இரண்டும் உலாவியிலேயே முடிந்துவிடும். பயர்பாக்ஸ் எல்லா லினக்ஸிலும் உண்டு. மிச்சம் தமிழும் அச்சுப்பொறியும்.

லினக்ஸைப் பதியாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வன்வட்டில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது. வைஃபை, ஒலி, அச்சு எல்லாவற்றையும் அப்படித்தான் சோதித்தேன். தமிழில்தான் சிக்கல். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தமிழ்99 பழகிய விரல்கள் என்னுடையவை. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ வரவேண்டும். வெறும் விசைப்பலகை அமைப்பில் ‘கக’ என்றே நின்றது. ஐபஸ் எம்17என் என்ற பொதியைச் சேர்த்து, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்ததும் புள்ளி விழுந்தது. அந்தப் பொதி முக்கியமான லினக்ஸ்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது என்பதால், தமிழும் யாரையும் கழித்துக்கட்டவில்லை.

கடைசியில் தீர்மானித்தது ஆயுள்தான். ஃபெடோரா அழகாக இருந்தது. ஆனால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பே கிடையாது, புதுப்பித்தல் ஓயாது. புதியதைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அவை பொருத்தம். லினக்ஸ் மின்ட் 22, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டப்பட்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் எக்ஸ்எஃப்சிஇ முகப்பு என் 4 ஜிபி நினைவகத்துக்கும் பாரமில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அந்தத் தம்பியின் வீட்டிலும் மின்ட்தான். ஏதாவது நின்றுபோனால் கூப்பிட ஒருவர் இருக்கிறார்.

இப்போது யாராவது எந்த லினக்ஸ் என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. தினமும் என்ன செய்வீர்கள், எத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடவேண்டும், பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால், அவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே போடச் சொல்லிவிடுகிறேன்.